யாருக்காக இந்தக் காற்று?

கோவை மாநகரின் புதிய அலுவலகங்களுக்குள் அண்மைக் காலமாக ஒரு புதுக் கோலம் நுழைந்திருக்கிறது. வரவேற்புக் கூடத்தில் தரையிலிருந்து கூரைவரை செடிகளால் மூடிய சுவர். மேசைகளுக்கிடையே வரிசை பிடித்து நிற்கும் தொட்டிகள். தேக்கின் ரேகை அச்சிட்ட பலகை. கூழாங்கல்லின் படம் பதித்த தரை ஓடு. சரவணம்பட்டிப் பக்கமும் அவிநாசி சாலையிலும் பணிபுரியும் இளைஞர்கள் இவற்றைப் பெருமையோடுதான் விவரிக்கிறார்கள். அங்கே சன்னலைத் திறக்க முடியுமா என்று கேட்டால்தான் சற்றே தயங்குகிறார்கள். திறக்கும் சன்னல் பல இடங்களில் இல்லை.

இக்கோலத்தை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. எட்டு மணி நேரம் கணினித் திரையை நோக்கியிருக்கும் கண்களுக்கு ஒரு பச்சை இலை ஆறுதல் தருமெனில் அதைத் தடுக்க நாம் யார்? ஆயினும், ஒரு நூலைத் திறனாய்வதைப் போலவே ஒரு கட்டடத்தையும் திறனாயலாம். அது என்ன சொல்கிறது, யாரிடம் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்கலாம். இயற்கையைப் பணியிடத்துக்குள் அழைத்து வரும் இன்றைய வடிவமைப்பைப் பற்றி இக்கேள்விகளை எழுப்புவதே இக்கட்டுரையின் முயற்சி.

சொல்லும் பொருளும்

இவ்வடிவமைப்பு முறையை மேலை நாட்டார் 'பயோஃபிலிக்' என்று அழைக்கிறார்கள். 'பயோஃபிலியா' என்னும் சொல்லுக்கு உளவியல் அறிஞர் எரிக் ஃபிராம் 1964-இல் ஓர் ஆழ்ந்த பொருள் தந்தார். உயிருள்ளவற்றின்மீதும் வளர்பவற்றின்மீதும் மனிதர் கொள்ளும் பற்று அது. அதற்கு எதிர்நிலையில் அவர் வைத்தது, உயிரற்றவற்றின்மீதும் இயந்திரத்தனமானவற்றின்மீதும் கொள்ளும் ஈர்ப்பு. 1984-இல் உயிரியல் அறிஞர் எட்வர்ட் வில்சன் அச்சொல்லையே தம் நூலுக்குத் தலைப்பாக்கினார். மனித இனம் தன் வரலாற்றின் மிகப் பெரும்பகுதியைப் பிற உயிர்களின் நடுவே கழித்திருக்கிறது. ஆகவே அவற்றை நாடும் இயல்பு நம் உடலிலேயே ஊறியிருக்கிறது என்பது அவர்தம் கருத்து.

தமிழில் இதனை 'உயிர்நேயம்' எனலாம். நேயம் என்பது ஒரு பொருளன்று. அஃது ஓர் உறவு. உறவெனில் கொடுத்தலும் பெறுதலும் இருக்க வேண்டும். செடிக்கு நீர் வார்ப்பவர், அது வாடும்போது வருந்துபவர், அது தளிர்விடும்போது மகிழ்பவர் ஆகியோரே அதனோடு உறவு கொண்டவர்கள். வடிவமைப்பாளரின் பட்டியலில் நாற்காலிக்கும் விளக்குக்கும் அடுத்த வரியில் 'செடி - 40' என்று எழுதப்படும்போது, ஃபிராம் கருதிய உயிர்நேயம் அங்கே இருக்கிறதா, அல்லது அவர் எச்சரித்த எதிர்நிலைதான் பச்சை நிற ஆடை உடுத்தி வந்திருக்கிறதா? நம் திறனாய்வு இங்கேதான் தொடங்குகிறது.

சான்றுகள் எதன் பக்கம்?

இத்துறையினர் பெரிதும் எடுத்துக்காட்டும் சான்று ஒரு மருத்துவமனையிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் ஒப்பிட்டார். 23 பேரின் சன்னல் மரங்களை நோக்கியிருந்தது. மற்ற 23 பேரின் சன்னல் செங்கற்சுவரை நோக்கியிருந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 8 நாள்களுக்குச் சற்றுக் குறைவாகவே தங்கி வீடு திரும்பினர். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.7 நாள்கள் ஆயின. கடுமையான வலிமருந்துகளும் முன்னவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984-இல் வெளியான இவ்வாய்வு சிறியதுதான். எனினும் அது சொல்வது தெளிவு: அங்கே நலம் தந்தது சன்னல், சன்னலுக்கு வெளியே வேரூன்றி நின்ற மரம். தொட்டிச் செடியைப் பற்றி அவ்வாய்வு பேசவே இல்லை.

தொட்டிச் செடிக்கு ஆதரவாகக் காட்டப்படுவது வேறொரு சான்று. 1989-இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா, அறைக்குள் வளரும் செடிகள் காற்றிலுள்ள சில வேதிப்பொருள்களை ஈர்க்கின்றன என்று கண்டறிந்தது. அச்சோதனைகள் நாற்புறமும் அடைத்த சிறு கூண்டுகளில் நடந்தவை. அலுவலகமோ கூண்டன்று, அங்கே கதவு திறக்கிறது, காற்று மாறுகிறது. 2019-இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய சோதனைகள் பலவற்றையும் ஒருங்கே கணக்கிட்டுப் பார்த்தனர். ஒரு கட்டடத்தில் இயல்பாக நிகழும் காற்று மாற்றத்துக்கு ஈடாகச் செடிகள் காற்றைத் தூய்மை செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வைக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதன்பின் அலுவலர் அமர இடம் இராது!

இவ்விடத்தில் தில்லியின் நேரு பிளேசிலுள்ள பஹார்பூர் வணிக மையத்தை மறவாமல் குறிப்பிட வேண்டும். அதன் தலைவர் கமல் மீட்டல் 2009-இல் விளக்கியபடி, ஏறத்தாழ 300 பேர் பணிபுரியும் அக்கட்டடத்தில் 1,200-க்கும் மேற்பட்ட செடிகள் வளர்க்கப்பட்டன. அரிகா பனை, பாம்புக் கற்றாழை, மணி பிளான்ட் என்னும் மூன்றையே அவர் முதன்மையாகக் கொண்டார். அது நேர்மையான முயற்சி. ஒருவருக்கு நான்கு செடி என்னும் கணக்கே அவர் அதை அலங்காரமாகக் கருதவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனால், வெளிக்காற்றே நஞ்சாகிப்போன ஒரு நகரத்தில் அடைத்த அறைக்குள் வாழ வேண்டிய இக்கட்டிலிருந்து பிறந்த முயற்சி அது. வெளியே நல்ல காற்று வீசும் ஊரில் அதே முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவது, நோயில்லாதவர் மருந்துண்பதைப் போன்றதாகும்.

ஆக, சான்றுகளைத் தராசில் இட்டால் தட்டு சன்னலின் பக்கமே தாழ்கிறது. சந்தையோ தொட்டியை விற்கிறது. காரணம் எளிது. தொட்டியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரலாம். கட்டி முடித்த கட்டடத்தில் சன்னலை அப்படிக் கொண்டுவர இயலாது. சன்னல் வேண்டுமானால் கட்டுவதற்கு முன்பே, அங்கே அமரப் போகிறவரை யாரேனும் நினைத்திருக்க வேண்டும்.

குழித்தறியிலிருந்து ஆலைவரை

பணியிடத்தின் காற்றைப் பற்றிய கவலை கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. சென்னிமலை, பவானி, சிறுமுகை போன்ற நெசவாளர் ஊர்களில் குழித்தறியைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை இயக்குவார். மண்ணின் ஈரம் குழியிலிருந்து மேலெழுந்து நூலை இளக்கமாக வைத்திருக்கும். பாவு எளிதில் அறாது. கஞ்சியிட்ட பாவைத் தெருவில் விரித்து ஆற்றும் வேலை வெயில் ஏறுமுன் விடியற்காலையில் நடைபெறும். மழை வந்தால் அவ்வேலை நிற்கும். மண்ணும் காற்றும் வெயிலும் அத்தொழிலுக்கு விருந்தாளிகள் அல்ல, கூட்டாளிகள். இதைச் சொல்லும்போது அவ்வீடுகளின் இருளையும், குனிந்தே தேய்ந்த முதுகுகளையும், அரைவயிற்றுக் கூலியையும் நாம் மறக்கவில்லை. பழமை அனைத்தும் பொன் என்பது நம் வாதமன்று.

பின்னர் ஆலைகள் வந்தன. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று தொடங்கிய நூற்பாலை கோவையின் முதல் ஆலை. 'ஸ்டேன்ஸ் மில்' என்றே ஊரார் அதை அழைத்தனர். 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. பழைய ஆலைகள் பலவற்றின் கூரை இரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லின் செங்குத்தான முகத்திலும் கண்ணாடி பதித்து, அம்முகத்தை வடக்கு நோக்கி அமைப்பர். நேர் வெயில் படாமல், நிழல் விழாமல், சீரான ஒளி நூலின்மேல் பரவும். கோவை 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் ஞாயிறு வடக்கே சாய்ந்து நிற்கும். ஆகவே குளிர்நாட்டில் பிறந்த அக்கலை இங்கே முழுமையாகப் பொருந்தியது என்று கூற இயலாது. இருப்பினும், விளக்கு எரிக்காமலே பகலில் வேலை பார்க்கும் வழியை அது தந்தது.

வடக்கு வெளிச்சத்தின் அருமையை அறிந்தவர்கள் ஆலைக்காரர்கள் மட்டும் அல்லர். இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில், இன்று பேராலயமாக விளங்கும் பழைய துறவு மடத்தில் 14-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய சுற்றுக்கூடம் இன்றும் நிற்கிறது. அதன் தெற்கு நடையில், துறவியர் படிக்கவும் எழுதவும் அமர்ந்த 20 சிறு அறைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஓர் ஆள் அமரலாம். ஒவ்வோர் அறைக்கும் நடுமுற்றத்தின் புல்வெளியை நோக்கிய சன்னல் உண்டு. அச்சன்னல்கள் வடக்கு நோக்கியவை. குளிரில் விரல் விறைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்மடத்தில் மூத்தவருக்கு ஒரு சன்னலும் இளையவருக்கு ஒரு சுவருமாக அவ்வரிசை பிரிக்கப்படவில்லை. இருபது இருக்கை, இருபது சன்னல். இன்றைய அலுவலக வடிவமைப்பு கற்றுக்கொள்ள வேண்டிய கணக்கு இதுவே.

நம் ஆலைகளின் கதை வேறு திசையில் சென்றது. பஞ்சு நூலாகும்போது காற்றில் ஈரம் வேண்டும். ரிங் பிரேம் கூடத்தில் ஈரப்பதம் ஏறத்தாழ 55 முதல் 60 விழுக்காடு இருந்தால் நூல் அறாமல் ஓடும். இதற்காக நீரைத் தெளித்து அதன் ஊடே காற்றைச் செலுத்தும் ஈரமூட்டும் இயந்திரங்கள் நிறுவப்பட்டன. உள்ளே செய்த காற்று வெளியே போகாதிருக்கச் சன்னல்கள் அடைக்கப்பட்டன. கூரைக் கண்ணாடிக்குக் கீழே பொய்க்கூரை வந்தது. குழல் விளக்குகள் இரவும் பகலும் எரிந்தன. மூன்று ஷிப்டிலும் ஒரே வெளிச்சம், ஒரே வெப்பம். உள்ளே நிற்பவருக்கு வெளியே மழையா வெயிலா என்பது தெரியாது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கூடத்தில் காற்று மிகுந்த அக்கறையோடு அளக்கப்பட்டது. ஒவ்வொரு மணிக்கும் ஈரத்தைக் கணக்கிட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த அக்கறை நூலுக்கானது, நூற்பவருக்கானதன்று. இங்கிலாந்தின் நெசவாலைகளில் இதே நோக்கோடு நீராவியைப் புகுத்தியபோது தொழிலாளர் எதிர்த்ததன் பயனாக 1889-லேயே அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் ஈரமூட்டுதலுக்கென ஒரு தனிப் பிரிவை ஒதுக்கியது. தெளிக்கும் நீர் குடிநீராகவோ முறையாகத் தூய்மை செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும் என்றது. நூலுக்காகச் செய்த காற்றையும் மனிதரே மூச்சாக இழுக்கிறார் என்பதைச் சட்டம் சொல்லித்தான் உணர்த்த வேண்டியிருந்தது.

நூலுக்கு ஈரம் வேண்டும் என்பது உண்மைதானே, அது அறுந்தால் முடிச்சிடும் பாரமும் தொழிலாளியின்மீதுதானே விழும் என்று ஆலை நடத்துவோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நூலின் தேவையை நாம் மறுக்கவில்லை. நூலின் தேவைக்கு இயந்திரம் செய்ய அறிந்த அறிவு, மனிதரின் தேவைக்கு ஒரு சன்னலையேனும் விட்டுவைக்கும் வழியைத் தேடியதா என்றே கேட்கிறோம்.

தொட்டியில் வாழும் விருந்தாளி

இந்த வரலாற்றின் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் இன்றைய அலுவலகச் செடியின் பொருள் நமக்கு விளங்குகிறது. கண்ணாடிக் கட்டடமும் ஆலையைப் போலவே அடைத்த பெட்டிதான். ஆலையில் காற்று நூலுக்காகச் செய்யப்பட்டது. இங்கே குளிர்சாதனத்தின் சிக்கனத்துக்காகவும் கணினியின் நலத்துக்காகவும் செய்யப்படுகிறது. மேற்கு நோக்கிய கண்ணாடியில் வெயில் சுடுவதால் திரையை இழுத்து மூடுகிறார்கள். திரையை மூடியதால் பகலில் விளக்கெரிக்கிறார்கள். அதனால் வரும் சோர்வை நீக்கத் தொட்டிச் செடி வைக்கிறார்கள். ஒரு குறையை மறைக்க மற்றொன்று. இவ்வரிசையில் செடி கடைசியாக வந்து நிற்கிறது.

அச்செடிகளின் பிறப்பிடத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். மணி பிளான்ட் பசிபிக் பெருங்கடலின் மோரியா தீவைச் சேர்ந்தது. அரிகா பனையின் தாயகம் மடகாஸ்கர். பாம்புக் கற்றாழை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இவை வேற்றூர்ச் செடிகள் என்பதற்காக நாம் வெறுக்கவில்லை. நாம் உண்ணும் மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து வந்தவையே. ஆனால் சென்னையிலும் சிங்கப்பூரிலும் சியாட்டிலிலும் ஒரே மூன்று செடிகளை வைத்துவிட்டு அதற்கு 'இயற்கை' என்று பெயர் சூட்டும்போது, எந்த ஊரின் இயற்கை என்னும் கேள்வி எழுகிறது. பாம்புக் கற்றாழையின் நெருங்கிய உறவான மருள் நம் காட்டு வேலியோரங்களில் தானே வளர்கிறது. அதன் நாரைத் திரித்துக் கயிறு செய்த ஊர் இது. காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்து ஒரு முழு வாழ்வையே தாங்கி நிற்கின்றன. கொங்கின் இயற்கை அது. நம் வரவேற்புக் கூடங்களில் அதற்கு இடமில்லை.

வாடகைச் செடி என்னும் முறையும் இன்று பரவியுள்ளது. வெளிச்சம் போதாமல் இலை பழுத்த தொட்டியைப் பண்ணை வண்டி வந்து எடுத்துச் செல்கிறது. அதே இடத்தில் அதே உயரத்தில் வேறொன்று அமர்கிறது. மறுநாள் காலையில் வேலைக்கு வருபவர் மாற்றத்தை உணர்வதே இல்லை. அங்கே செடி வாடுவதில்லை, பூப்பதில்லை, முதிர்வதில்லை. மாறாத பச்சையாக நிற்பது மட்டுமே அதற்கு இட்ட பணி. ஓர் உயிரை அதன் வாழ்வுக்காக அன்றி நம் கண்ணுக்காக மட்டும் வைத்திருக்கும் பார்வை, அதன் அருகில் அமர்ந்திருக்கும் ஒப்பந்தப் பணியாளரையும் அவ்வாறே பார்க்கப் பழகிவிடும். வாடினால் மாற்றிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் தொட்டியோடு நின்றுவிடுமா?

இதனிடையே கட்டடத்துக்கு வெளியே என்ன நடந்தது? அவிநாசி சாலையும் மேட்டுப்பாளையம் சாலையும் அகலமானபோது சாய்ந்த மரங்களை நம் கண்ணாலேயே கண்டோம். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் திறக்கப்பட்டது. போக்குவரத்துக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆயினும் சாலையோரத்து வேம்பும் புளியும் யாரிடமும் வாடகை கேட்காமல் எல்லா அலுவலகங்களுக்கும் நிழல் தந்தவை. கட்டடத்துக்குள் நுழைய அடையாள அட்டை இல்லாத பூக்காரிக்கும், சைக்கிளில் தேநீர் விற்பவருக்கும் அதே நிழலைத் தந்தவை. மரம் பொதுச் சொத்தாக வெளியே நின்றது; செடி தனிச் சொத்தாக உள்ளே வந்திருக்கிறது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் இதையே கண்டித்தது. நகரத்தின் ஒரு பகுதியில் அழகாகப் பேணிய பசுமை சிலருக்கு மட்டும் உரியதாகவும், ஒதுக்கப்பட்டோர் வாழும் பகுதி அஃதின்றியும் இருப்பதை அம்மடல் சுட்டிக்காட்டியது.

யார் கை வைத்தது?

2010-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் என்னும் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். பணியாளர்களை நான்கு வகை அறைகளில் அமர்த்தினர். முதல் அறை வெறுமையானது. இரண்டாவதில் செடிகளும் படங்களும் முன்னரே அழகுற அமைக்கப்பட்டிருந்தன. மூன்றாவதில் அதே செடிகளையும் படங்களையும் பணியாளரே விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். நான்காவதில் அவ்வாறு வைத்துக்கொண்டபின் ஆய்வாளர் வந்து அனைத்தையும் மாற்றியமைத்தார்.

முதல் அறையைவிட இரண்டாவதில் வேலை செம்மையாக நடந்தது. அதைவிடவும் சிறந்தது மூன்றாவது. நான்காவதிலோ கிடைத்த நன்மை மறைந்து, வெற்றறையின் நிலைக்கே வேலை இறங்கியது. செடிகள் அவ்வறையிலும் இருந்தன! ஆக, நன்மை செய்தது செடி மட்டும் அன்று. அதன்மேல் பட்ட சொந்தக் கை. இவ்வடிவமைப்பைப் பற்றி நமக்குத் தெரிந்த ஆய்வுகளில் இதுவே நம் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. விற்பனைக் கையேடுகள் இரண்டாம் அறையின் வெற்றியை மட்டும் பேசும். மூன்றாம் அறையைப் பேசினால், வடிவமைப்பாளரின் அதிகாரத்தில் ஒரு பங்கைப் பணியாளருக்குத் தர வேண்டியிருக்கும்.

மரத்தைச் சுற்றி வளைந்த சுவர்

குறை மட்டும் கூறுவது நல்ல திறனாய்வன்று. நிறைவான முன்மாதிரி ஒன்றையும் காட்ட வேண்டும். அதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து திருவனந்தபுரம் சென்றால் போதும். அங்கே 1970-களின் தொடக்கத்தில் பொருளியல் ஆய்வுக்கென அமைந்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை லாரி பேக்கர் கட்டினார். 1945-இல் இந்தியாவுக்கு வந்து, 2007-இல் இம்மண்ணிலேயே மறைந்த அவர், அந்த மேட்டு நிலத்திலிருந்த மரங்களை வெட்டிவிட்டுச் சுவர் எழுப்பவில்லை. மரம் நின்ற இடத்தில் சுவரை வளைத்தார். பூச்சில்லாத செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கித் துளைச்சுவர் அமைத்தார். அதன் வழியே காற்று புகும். வெளிச்சம் சிதறி விழும். மழைச் சாரல் பெரிதும் தடைப்படும். அங்கே அமர்ந்து எழுதும் ஆய்வாளருக்கு இயற்கை தொட்டியில் வரவில்லை. அவர்தாம் இயற்கையின் நடுவே ஓர் இருக்கை பெற்றிருக்கிறார். செலவும் குறைவு.

கொங்கு நாட்டுக்கு இவ்வழி அயலானதன்று. தொட்டிக்கட்டு வீடுகளில் நடுமுற்றத்தைச் சுற்றியே வாழ்வு நடந்தது. வெயிலும் மழையும் வீட்டுக்குள்ளேயே விழுந்தன. கணக்கெழுதுவதும் தானியம் புடைப்பதும் அதன் விளிம்பில் நிகழ்ந்தன. கோவை ஆர்.எஸ். புரத்திலுள்ள வன வளாகத்தில் இன்றும் மரங்களின் நடுவேதான் அலுவலகங்கள் நிற்கின்றன. கட்டடங்களுக்கு மூத்தவையாக அங்கே மரங்கள் உண்டு.

இவ்வூருக்குக் காற்றுப் பஞ்சமும் இல்லை. அகன்ற பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசி முதல் ஆவணிவரை மேல்காற்று பாய்ந்து வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியை மெய்ப்பிக்கும் காற்று அது. பல்லடம், உடுமலைப் பக்கத்தில் காற்றாலைகளை நட்டு அக்காற்றை மின்சாரமாக்குகிறோம். அம்மின்சாரத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, அதே காற்று நுழைய முடியாதபடி அடைத்த அறைகளைக் குளிர்விக்கிறோம். இதன் முரணை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சித்திரை வெயிலில் சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்ய முடியுமா, சாலைப் புழுதியும் இரைச்சலும் கொசுவும் வாராதா என்பார்கள். வரும். எல்லா நாளும் எல்லாச் சன்னலும் திறந்திருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. குளிர்விப்பான் வேண்டிய மாதங்கள் உண்டு. கொசுவலை வேண்டிய மாலைகள் உண்டு. ஆனால் மார்கழிக் காலையிலும் ஆடிப் பிற்பகலிலும்கூடத் திறக்க இயலாத சன்னலுக்கு வெயில் காரணமாகாது. அவ்வாறு கட்டியவரின் முடிவே காரணம்.

மூன்று கேள்விகள்

ஆகவே, இயற்கையை உள்ளே கொண்டுவந்துவிட்டோம் என்று கூறும் எந்தப் பணியிடத்தையும், அஃது ஆலையாயினும் அலுவலகமாயினும் பள்ளியாயினும் நம் பங்கு அலுவலகமாயினும், மூன்று கேள்விகளால் அளக்கலாம் என்று கருதுகிறோம்.

முதலாவது: அங்கே மிகக் குறைந்த ஊதியம் பெறுபவரின் இருக்கையிலிருந்து வானமோ மரமோ தெரிகிறதா? மேலாளரின் மூலை அறையில் இரு பக்கமும் கண்ணாடி இருக்கும். துப்புரவுப் பணியாளர் ஓய்வெடுப்பதோ படிக்கட்டின் அடியில். இயற்கையின் பங்கீடு அங்கே ஊதியத்தின் வரிசையிலேயே நடக்கிறது.

இரண்டாவது: சன்னலைத் திறக்கவும் மூடவும், செடியை நகர்த்தவும் நீர் வார்க்கவும், அங்கே அமர்ந்திருப்பவருக்கு உரிமை உண்டா? கண்ணுக்கு மட்டும் தந்து கைக்கு மறுக்கும் இயற்கை, சுவரில் மாட்டிய படத்துக்கு மேலானதன்று.

மூன்றாவது: வெளியே சென்று வர நேரம் உண்டா? அலுவலக வாசலில் அழகிய புல்வெளி இருக்கலாம். ஆனால் கழிப்பறைக்குச் சென்று வரும் நிமிடங்களையும் கணினி எண்ணும் இடத்தில் அப்புல்வெளி யாருக்கு? இரவு ஷிப்டு முடிந்து விடுதிக்குத் திரும்பிப் பகலெல்லாம் உறங்கும் ஆலைப் பெண்ணுக்கு ஞாயிற்றின் ஒளி வாரத்தில் எத்தனை நாள் கிடைக்கிறது?

இவை மென்மையான கேள்விகள் அல்ல. பணச் செலவைக் கோரும் கேள்விகள். ஆனால் நடவாதவையும் அல்ல. கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரிந்தவர்களுக்கு அமர ஓர் இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் செய்தது. அதற்கு முன்பு அக்கடைகளில் நாற்காலிகள் இல்லாமல் இல்லை. அவை வாங்க வருவோருக்காகப் போடப்பட்டிருந்தன. விற்பவரும் அமரலாம் என்பதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சன்னலுக்கும் நிழலுக்கும் காற்றுக்கும் அவ்வாறே யாரேனும் வாதாட வேண்டும்.

நூலுக்கு எவ்வளவு ஈரம் வேண்டும் என்பதைத் துல்லியமாக அறிந்த ஊர் கோவை. அங்கே நூற்பவருக்கும் எழுதுபவருக்கும் கணினி தட்டுபவருக்கும் எவ்வளவு வானம் வேண்டும் என்பதைக் கணக்கிடுவது அதைவிடக் கடினமான கலையன்று. கட்டடத்தின் வரைபடத்தை விரிக்கும்போது, கடைசி வரிசை இருக்கையில் அமரப் போகும் ஒருவரை அங்கே நினைத்துக்கொண்டால் போதும். சன்னல் எங்கே வைக்க வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.